ஏலம் போகாத வாழைத்தார்

ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் சிவில் இன்ஜினியரிங் துறையில் நான் அட்டெண்டராக இருந்தேன். துறை அலுவலகத்துக்கு வெளியே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. அதன் சாவி என் இடுப்பில் தொங்கும். துறையின் செய்திகள், சாதனைகள் எல்லாம் ஆங்கிலத்தில் அச்சாகி வரும். பழைய தாளைக் கழற்றிவிட்டுப் புதிய தாளைக் குண்டூசியால் குத்துவது என் வேலை. நான் பத்தாவதோடு நின்றவன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் குத்துவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்ப்பேன். என் கையால் வைப்பது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

அந்த வருடங்களில் பலகையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது வேலை கிடைத்த மாணவர்களின் பெயர்கள்தான். பாலத்தையும் அணையையும் பற்றி நான்கு வருடம் படித்த பிள்ளைகள் மாதாப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போனார்கள். எத்தனை பேர் போனார்களோ அத்தனையும் துறைக்குச் சாதனை. துறைத்தலைவர் அந்தத் தாளைப் பலகையின் நடுவில் வைக்கச் சொல்வார். நானும் நடுவில் வைப்பேன். பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள், அவர்களைப் பெற்றவர்களும் சந்தோஷமாக இருந்தார்கள். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

பலகையின் ஓரத்தில் எப்போதாவது வேறு செய்தி ஒன்று வரும். சுற்றுச்சூழல் பிரிவில் இருந்த ஒரு மேடத்தின் வேலை பற்றியது அது. தெலுங்குக்காரர். நெற்றியில் பெரிய குங்குமம், காலில் ரப்பர் செருப்பு. மழை சரியாகப் பெய்யாமல் ஹாஸ்டலுக்கு லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்த காலத்தில், லேபுக்குப் பின்னால் கிடந்த முள்காட்டை வெட்டி அங்கே நீளமாக ஒரு தொட்டி கட்டினார். அதில் ஜல்லியை நிரப்பிக் கல்வாழையை நட்டார். ஹாஸ்டல் பிள்ளைகள் குளிக்கிற தண்ணீரும் துணி துவைக்கிற தண்ணீரும் ஒரு குழாய் வழியாக அந்தத் தொட்டிக்குள் போகும். ஜல்லிக்குள்ளும் வேருக்குள்ளும் நுழைந்து மறுபக்கம் வரும்போது வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். நாற்றம் கிடையாது. அந்தத் தண்ணீரில் தக்காளி போட்டார், பிறகு கரையோரமாக வாழைக் கன்றுகள் வைத்தார்.

எனக்கு அங்கே ஒரு சின்ன வேலை இருந்தது. ஆடு வராமல் பார்த்துக்கொள்வது. பக்கத்துப் பேட்டையிலிருந்து ஆடுகள் சுவர் ஏறி வரும். கல்வாழை இலை அவற்றுக்கு அல்வா மாதிரி. காலையில் துறையைத் திறந்தவுடன் ஒரு சுற்று, மாலையில் பூட்டுவதற்கு முன் ஒரு சுற்று போவேன்.

ஒருநாள் இரண்டு பேர் அளவு டேப்போடு வந்து அந்த இடத்தை அளந்தார்கள். கம்ப்யூட்டர் லேப் கட்டிடத்தை இந்தப் பக்கமாக நீட்டப் போகிறார்களாம். மேடம் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். டேப் பிடித்தவன் கல்வாழைக்குள் கால் வைத்தபோது மட்டும், "பாத்து, பாத்து" என்றார். அன்று துறைத்தலைவரின் அறைக்கு நான் டீ கொண்டுபோனபோது அவர் மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு வருடத்துக்குள் இதிலிருந்து ஏதாவது பெரிதாக வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் என்னால் பிடித்து நிறுத்த முடியாது என்று. மேடம் டீயை எடுத்துக்கொள்ளவில்லை.

மாலையில் சுற்று போனபோது வாழைக் கன்று ஒன்று குருத்து விட்டிருந்தது. நான் அங்கேயே நின்று ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, இந்த அம்மாவின் வேலையை அழிய விடாதேயும், இந்த இடம் தப்பினால் இந்த மரத்தின் முதல் குலையை உம்முடைய ஆலயத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று பொருத்தனை பண்ணினேன். மரம் என்னுடையது அல்ல. வேலையும் என்னுடையது அல்ல. அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. பொருத்தனை என்று ஒன்று பண்ணினால் அதைச் செலுத்தியாக வேண்டும். எங்கள் வீட்டில் அதில் விளையாட்டு இல்லை.

அடுத்த வருடம் வாழை குலை தள்ளியது. அதே சமயத்தில் டெல்லியிலிருந்து மேடத்தின் வேலைக்கு ஒரு பரிசும் வந்தது. பலகையின் நடுவில் அந்தச் செய்தியை வைத்தேன். கட்டிடத்தை வேறு பக்கமாக நீட்டிக்கொள்ளலாம் என்று துறைத்தலைவர் மீட்டிங்கில் சொன்னார். கை தட்டினார்கள்.

அந்த மீட்டிங்கில் மேடம் தட்டு நிறையத் தக்காளியை அரிந்து உப்பும் மிளகும் தூவி வைக்கச் சொல்லியிருந்தார். அந்தத் தண்ணீரில் விளைந்தது, லேபில் சோதித்துக் குற்றமில்லை என்று தாளும் இருந்தது. நான்தான் ஒவ்வொருவர் முன்னாலும் தட்டை நீட்டினேன். ஒருவருக்கு அசிடிட்டி. ஒருவர் அன்றைக்கு விரதம். ஒருவர் தாளை வாங்கி நன்றாகப் படித்துவிட்டு, "எக்ஸலண்ட் ரிசல்ட்ஸ்" என்று சொல்லி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். மேடம் இரண்டு துண்டு சாப்பிட்டார், நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். மீதியைக் கொண்டுபோய் மூடி வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் வாழைத்தாரை வெட்டும் நாள் வந்தது. மேடத்திடம் கேட்டேன். நாங்கள் பேசியது தெலுங்கில்.

"மேடம், இந்த முதல் தாரை எனக்குக் கொடுப்பீங்களா? சர்ச்சுக்குக் கொண்டுபோகணும்."

"சர்ச்சுக்கா? எதுக்கு?"

சொன்னேன்.

"என் பேரிலயா வேண்டிக்கிட்டீங்க?"

"உங்க பேர்ல இல்ல மேடம், உங்க வேலை பேர்ல."

"முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு பில்டிங்கையும் சேர்த்து நிறுத்த வேண்டிக்கச் சொல்லியிருப்பேனே" என்று சிரித்தார். பிறகு, "அங்கேயாவது யாராவது சாப்பிடுவாங்களா?" என்று கேட்டார். அதைச் சிரிக்காமல் கேட்டார்.

தாரைச் சாக்கில் சுற்றி ஷேர் ஆட்டோவில் ஏற்றி சிகந்தராபாத்தை ஒட்டிய அல்வாலில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் தாத்தா காலத்திலேயே நாங்கள் சிகந்தராபாத்துக்கு வந்துவிட்டோம். என் மனைவி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். எத்தனை வருடம் ஆனாலும் அவள் பேச்சு மாறவில்லை. தாரைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம்.

"நல்லா திரண்டிருக்கே. எங்க வாங்கினிய?"

"வாங்கல. எங்க டிபார்ட்மென்ட்ல விளைஞ்சது. அறுப்பின் பண்டிகைக்கு."

அவள் கை தாரிலிருந்து விலகியது. ஹாஸ்டல் தண்ணீரைப் பற்றி நான் முன்பே வீட்டில் பெருமையாகப் பேசியிருந்தேன்.

"அந்தக் குளிச்ச தண்ணி வாழையா? இதையா கோயிலுக்குக் கொண்டுபோகப் போறிய?"

"பொருத்தனை பண்ணியிருக்கேன்."

"பொருத்தனை பண்ணுதவிய நல்ல பொருளாப் பாத்துல்லா பண்ணணும். வருசத்துக்கு ஒருநா ஆண்டவருக்கு முதற்பலன் கொடுக்கோம். ஊர்ப்பிள்ளைய குளிச்ச அழுக்குத் தண்ணியவா கொடுப்பாவ?"

"தண்ணியைக் கொடுக்கல. பழத்தைக் கொடுக்கிறோம்."

"பேசாம கடையில ஒரு தார் வாங்கிக் கொடுத்துருங்க. யாருக்குத் தெரியப்போகுது."

"நான் யார்கிட்ட பொருத்தனை பண்ணினேனோ அவருக்குத் தெரியுமே" என்றேன். அவள் தாரை வீட்டுக்குள் விடவில்லை. இரவு முழுவதும் அது மாடிப்படிக்குக் கீழே இருந்தது.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆண்டவருக்குப் பழுதில்லாததைக் கொடுக்க வேண்டும் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். இந்தப் பழம் பழுதா, பழுதில்லையா? லேப் தாள் ஒன்று சொன்னது. என் வீட்டுக்காரியின் கை வேறொன்று சொன்னது. கொடுக்காமல் விட்டால் பொருத்தனை நிற்கிறது. கொடுத்து அது தகாத காணிக்கையானால், அது கொடுக்காததைவிட மோசம்.

விடிந்ததும் ஐயரைப் பார்க்கப் போனேன். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். அவர் லுங்கியோடு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"குளிச்ச தண்ணியா, இல்ல மத்ததா?" என்று கேட்டார்.

"குளிச்சதும் துவைச்சதும்தான் ஐயரே. மத்தது வேற குழாய்ல போயிடுது."

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "மழைத் தண்ணியும் எங்கெங்கயோ சுத்திட்டுத்தான் வருது. அத யாரும் கேக்கிறதில்ல" என்றார். பிறகு, "கொண்டுவாங்க. பீடத்துல வைக்கலாம். ஆனா ஏலத்துல எங்க விளைஞ்சதுன்னு சொல்லித்தான் விடணும். சொல்லாம வித்தா அது வியாபாரமாயிடும்" என்றார்.

அறுப்பின் பண்டிகையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வயல் உள்ள ஊர்களில் நெல்லும் காய்கறியும் ஆலயத்துக்கு வரும். எங்களில் யாருக்கும் வயல் கிடையாது. ரயில்வேயிலும் ராணுவ ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் சம்பளம் வாங்குகிறவர்கள். அதனால் கேக் வரும், ஊறுகாய் பாட்டில் வரும், பூசணிக்காய் வரும், யாராவது உயிரோடு ஒரு கோழி கொண்டுவருவார்கள். ஆராதனையில் எல்லாம் பீடத்துக்கு முன்னால் இருக்கும். முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் ஏலம். கொடுத்தவரும் அவர் வீட்டாரும் தங்கள் பொருளைத் தாங்களே ஏலம் கேட்கக் கூடாது என்பது எங்கள் சபையில் வழக்கம். ஒரே ஓர் எலுமிச்சம்பழத்தைக்கூட வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போவார்கள். காணிக்கை என்பதால் யாரும் வருத்தப்படுவதில்லை.

ஏலம் விட்டவர் ரிட்டயரான ஓர் அங்கிள், சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மைக் தேவைப்படாத குரல். பேச்சுக்கு நடுவே ஹைதராபாத் உருது வந்து விழும்: கைக்கு என்றால் எதற்கு, ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம்.

"சேவல், சேவல். காலையில நாலு மணிக்கு எழுப்பிவிடும். கைக்கு சும்மா நிக்கிறீங்க? மாதாப்பூர் தம்பி, நீங்க எடுங்க. சாப்ட்வேர்காரங்க லேட்டா எழுந்திரிக்கிறீங்க."

மாதாப்பூர் தம்பி என்று அவர் சொன்னது, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து புதிதாக எங்கள் சபையில் சேர்ந்திருந்த ஓர் இளைஞரை.

"எங்க அபார்ட்மென்ட்ல இது ஒரு தடவ கூவினா செகரட்டரி ரெண்டு தடவ கூவுவாரு அங்கிள்" என்றார் அவர். இருந்தாலும் சேவலை அவரே எடுத்தார், பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்து வாழைத்தார். அன்றைக்கு வந்த பொருட்களில் பார்வைக்கு அதுதான் பெரியது. பலர் முன்னால் நகர்ந்தார்கள். ஐயர் அங்கிளின் காதில் சொன்னார். அங்கிள் என்னைத் தேடிப் பார்த்தார், நான் தலையாட்டினேன்.

"கேட்டுக்குங்க. இது யுனிவர்சிட்டி வாழை. ஹாஸ்டல் பசங்க குளிச்ச தண்ணிய சுத்தம் பண்ணி, அதுல வளர்த்தது. லேப்ல டெஸ்ட் பண்ணியிருக்கு. டெல்லி வரைக்கும் போய் பிரைஸ் வாங்கியிருக்கு. ஹவ், நிஜம்தான். யாரு ஆரம்பிக்கிறீங்க?"

முன்னால் நகர்ந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"சோப்பு வாசம் வருமா அங்கிள்?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"வந்தா நல்லதுதானே. தின்னுட்டு வாய் கழுவ வேண்டாம்."

"அங்கிள், நான் நாலு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தவன்" என்றார் சேவலோடு நின்ற தம்பி. "அந்தப் பசங்க குளிக்கவே மாட்டாங்க. தண்ணி சுத்தமாத்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் யாரும் கை தூக்கவில்லை. என் மனைவி பாடகர் குழுப் பெண்களோடு பின்னால் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டு, கோயில் கோபுரத்தில் ஏதோ புதிதாக இருப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தரம்" என்றார் அங்கிள். வழக்கமாக இது கேட்பவர் இருந்தால்தான் சொல்வது. "நக்கோன்னா நக்கோன்னு சொல்லிடுங்கப்பா, நிக்க வச்சு யோசிக்காதீங்க." பிறகு அவரே, "சரி, இது ஆண்டவரே எடுத்துக்கிட்டாரு" என்று சொல்லி, தாரைத் தூக்கி வெஸ்ட்ரியில் வைக்கச் சொன்னார். வெஸ்ட்ரி என்பது ஐயர் அங்கி மாற்றுகிற அறை. பாடகர் குழு பயிற்சி செய்வதும் அங்கேதான்.

வீட்டுக்கு வரும் வழியில், பீடத்தில் வைத்தாகிவிட்டது, ஐயர் ஜெபித்தாகிவிட்டது, அந்த வகையில் பொருத்தனை முடிந்தது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் ஆண்டவர் மனிதர்களின் கையால்தானே வாங்குகிறார். ஒரு கையும் நீளாத காணிக்கையை அவர் வாங்கினார் என்று நான் எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி அந்த வாரம் முழுக்க என்னோடு ஆட்டோவில் வந்தது.

திங்கட்கிழமை மேடம் கேட்டார். நடந்ததைச் சொன்னேன், சோப்பு வாசக் கதையைக்கூட விடவில்லை. அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "காயா இருந்துச்சா, பழமா இருந்துச்சா?" என்றார்.

"காய்தான் மேடம்."

"சரி. பழுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

சனிக்கிழமை மாலை பாடகர் குழுப் பயிற்சிக்குப் போன என் மனைவி வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். புதுப் பாட்டு கஷ்டமாக இருந்தது என்றாள். ராத்திரி பசியில்லை என்று சாப்பிடவில்லை.

மறுநாள் ஆராதனைக்கு முன்னால் வெஸ்ட்ரிப் பக்கம் போனேன். கதவைத் திறந்ததும் அறை முழுக்கப் பழுத்த வாழையின் வாசம். மூலையில் சாக்கின் மேல் தார்த்தண்டு மட்டும் கிடந்தது. நுனியில் விரல் பருமனில் இரண்டு மூன்று பிஞ்சு. தோல்களை யாரோ ஒழுங்காகப் பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்.

அறிவிப்புகள் வாசிக்கும்போது ஐயர், பெண்கள் ஐக்கியக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார், ஞாயிறு பள்ளித் தேர்வைப் பற்றிச் சொன்னார். பிறகு அதே குரலில், "வெஸ்ட்ரியில் வைத்திருந்த வாழைத்தார் தீர்ந்துவிட்டது. எடுத்துக்கொண்டவர்கள் தங்கள் காணிக்கையைத் தாங்களே பெட்டியில் போட்டுவிடலாம்" என்றார். பாடகர் குழு மொத்தமும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை.

அன்று மதியம் சோற்றைப் பரிமாறிக்கொண்டே என் மனைவி சொன்னாள், "அந்த மேடத்துட்ட ஒரு கன்னு கேளுங்களேன்."

"எதுக்கு?"

"பின்னால துணி துவைச்ச தண்ணி சும்மாதான ஓடுது."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் குழம்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயும் தின்னியா?"

"எல்லாரும் திங்கும்போது நான் மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? வாசம் வேற. அந்த வாசத்துல ஆல்டோ குரல் எங்க வரும், சொப்ரானோ குரல் எங்க வரும்? முதல்ல நான் எடுக்கல." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டாவதுதான் எடுத்தேன்" என்றாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நம்ம ஊரு கதலி அளவுக்கு இல்ல. இன்னும் ரெண்டு நா விட்டிருக்கலாம்." பிறகு, "சோப்பு வாசம்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

நான் எழுந்துபோய்க் கை கழுவினேன். அந்தத் தண்ணீர் பின்பக்கச் சுவரோரமாக ஓடித் தெருச் சாக்கடையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

மேடத்திடம் தண்டு மட்டும் மிஞ்சிய கதையைச் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்து நன்றாகச் சிரித்தார். கன்றை அவரே தோண்டி, வேரோடு மண்ணை ஈரத்துணியில் கட்டிக் கொடுத்தார். அந்த மாதம் பலகைக்கு வந்த துறைச் செய்தியில் அவர் வேலையைப் பற்றி மறுபடியும் நான்கு வரி வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடைசி வரி, விளைந்த பழங்களை உள்ளூர் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னது. வேலை கிடைத்தவர்கள் பட்டியல் நடுவில் இருந்ததால் ஓரத்தில்தான் இடம் இருந்தது. நான்கு மூலையிலும் குண்டூசி குத்தினேன்.

சில வருடம் கழித்து அந்த இடத்தில் கட்டிடம் வந்துதான் விட்டது. அப்போது மேடம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். கல்வாழையைப் பிடுங்கிப் போட்ட அன்று ஆடுகள் வந்து தின்றன, நான் விரட்டவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கம் நிற்பது மேடம் கொடுத்த வாழையின் கன்று, அந்தக் கன்றின் கன்று. குலை தள்ளினால் முதலில் கோயிலுக்குப் போகும். காயாகக் கொண்டுபோகாதிய, பழுக்க வச்சுக் கொண்டுபோங்க என்று ஒவ்வொரு முறையும் என் மனைவி சொல்வாள்.